பெரட்டில் பேர் இல்லாத மேளம்

மலேசியாவில், நீலாயில் ஒரு கல்லூரியின் செர்வர் அறைக்கு நான்தான் பொறுப்பு. என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு வயரைக்கூடப் பிடுங்க முடியாது. ஆனால் எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் ஒலிபெருக்கியை நான் தொடக் கூடாது என்று ஒரு தடை இருக்கிறது. மைக் பக்கமாக நடந்தாலே யாராவது வந்து கையில் பாயாசத்தைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. உழைத்துச் சம்பாதித்த தடை அது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சுவா என்ற ஊருக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் எங்கள் வீடு. அப்பா மண்டோர். விடிவதற்குள் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிட்டு, யார் எந்தப் பக்கம் குலை வெட்டப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. நான் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் போய் மோட்டார் சைக்கிளில் வருவேன். தோட்டத்தில் யார் வீட்டு ரேடியோ நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (எனக்கு ரேடியோ தெரியாது. ஒரு தட்டு தட்டுவேன், பாடும்.) இந்த மரியாதை எனக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருந்தது என்பது அப்போது எனக்கே தெரியாது.

அந்த வருஷம் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவின் பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்றைத் தூக்கி எறிந்தார்கள். உண்மையில் அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். கேட்டு வாங்கி, நண்பனின் லோரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் துணி போட வேண்டும் என்று கேட்டார்.

அதே சமயம் என் அக்கா கமலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்காவும் அத்தானும் வேலையிடத்தில் பழகி, அவர்களாகவே பேசி முடித்த கல்யாணம். அத்தான் குடும்பம் சிரம்பானில் இருக்கும் யாழ்ப்பாணத் தமிழர்கள். ஒரு காலத்தில் தோட்ட ஆபீஸில் கிராணியாக உட்கார்ந்து அவர்கள் பேனா பிடித்தார்கள், வெளியே நாங்கள் கத்தி பிடித்தோம். அதெல்லாம் பழங்கதை என்று இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொண்டோம். அடிக்கடி சொல்லிக்கொண்டதிலேயே அது இன்னும் பழங்கதை ஆகவில்லை என்பது தெரியும்.

அத்தானின் அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அதிகம் பேச மாட்டார். தோட்டக் கோயிலில் கல்யாணம் என்றதும், "கோயில் உங்கட விருப்பம், சாப்பாடும் உங்கட விருப்பம். மேளம் மட்டும் குறையக் கூடாது" என்றார். அவர் கேட்டது அந்த ஒன்றுதான்.

இரண்டு வாரம் இருக்கும்போது நாங்கள் பேசி வைத்திருந்த மேளக்காரர்கள் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதே முகூர்த்தத்தில் இன்னொரு கல்யாணமாம். அப்பா அலைந்து போர்ட்டிக்சனில் வேறொரு குழுவைப் பிடித்தார். அங்கேதான் நான் குறுக்கே வந்தேன். தெரியாத குழுவை நம்ப வேண்டாம், சடங்கு முழுக்கக் கோயில் கேசட் ரேடியோவில் நாதஸ்வரம் ஓடட்டும், தாலி கட்டும் நொடிக்கு மட்டும் கெட்டி மேளத்தை நான் கம்ப்யூட்டரில் தருகிறேன், ஐயர் விரலை ஆட்டினால் அந்த நொடியே விழும், எந்த மேளக்காரராலும் அப்படி முடியாது என்று பேசினேன். அப்பா என்னை நம்பினார். போர்ட்டிக்சன்காரர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பேச்சு பெரிது, பெட்டி பழசு. நான் போட்டிருந்த லினக்ஸ் எழுந்து நிற்க நாலு நிமிஷம் எடுத்தது. பாட்டைப் போட்டால் நாதஸ்வரத்துக்கு விக்கல் வந்தது. இருந்த கொஞ்சம் மெமரியை கெர்னலே தின்றுகொண்டிருந்தது. கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மண்டோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை, கீபோர்டு, டிஸ்க் எல்லாம் காலையில் களத்தில் வந்து நிற்கும் ஆட்கள். மண்டோர் கையில் இருக்கும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் வேலை. எல்லாப் பெட்டிக்கும் பொருந்த வேண்டும் என்று, உலகத்தில் உள்ள அத்தனை ஆட்களின் பெயரையும் அந்தப் பட்டியலில் எழுதி வைத்திருப்பார்கள். நம் பெட்டிக்கு வேண்டாத பெயர்களை வெட்டிவிட்டால் கெர்னல் இளைக்கும், வேகம் வரும்.

வெட்டத் தொடங்கினேன். ஒவ்வொரு பெயராகத் திரையில் வரும், வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும். தெரிந்ததற்கு வேண்டும் என்றேன். தெரியாததற்கு வேண்டாம் என்றேன். அது என்னவென்று படித்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. எனக்கே தெரியாத ஒன்று எப்படி முக்கியமாக இருக்க முடியும்?

புதுக் கெர்னலைச் சமைத்து முடிக்கப் பெட்டிக்கு ஒரு பகல் முழுவதும் ஆனது. அதன் முதுகில் அடித்த சூட்டில் அம்மா மஞ்சள் துணி காயப்போட்டார். சாயங்காலம் திறந்தால் ஒரு நிமிஷத்தில் எழுந்தது. கெட்டி மேளம் கணீரென்று விழுந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்கா நின்று முழுக்கக் கேட்டாள்.

"அன்னைக்கும் இப்படியே வந்தா போதும்டா" என்றாள். "அவங்கம்மா கேட்டது இது ஒண்ணுதான். இதுலயும் குறைன்னா, தோட்டத்து ஆளுங்க இவ்ளோதான்னு நெனைச்சிருவாங்க."

இந்த இடத்தில் நான் எழுந்து போய்க் குளித்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்குள் அந்த வெட்டும் வேகம் தணியவில்லை. கம்ப்யூட்டரோடு அது நின்றிருந்தாலும் பரவாயில்லை. அப்பாவின் தங்கை அஞ்சலை அத்தை தோட்டத்தில் பெயர் பெற்ற குலவைக்காரர். எங்கள் பக்கம் எந்த நல்ல காரியத்திலும் அவர் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டால் கடைசி லயத்து வீடு வரை கேட்கும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அத்தே, அன்னைக்குக் குலவை வேணாம் லா. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க. அதான் கம்ப்யூட்டர்ல மேளம் வருதில்ல."

"செரிப்பா, நீ படிச்சவன்" என்று சொல்லிவிட்டு அத்தை வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். அந்தப் பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பட்டியலை மறுபடி திறந்தேன். பெட்டிக்குள் செருகும் பழைய வகை அட்டைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதி என்று ஒரு வரி மிச்சம் இருந்தது. இந்தக் காலத்தில் பழைய அட்டையை யார் பயன்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய, தொழிற்சாலையே வேண்டாம் என்று எறிந்த ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் அப்படி நினைத்தேன். வேண்டாம் என்றேன். பெட்டி எழும் நேரத்தில் ஒரு பத்து நொடி குறையும் என்பதுதான் லாபம். அந்தப் பெட்டியின் சவுண்ட் கார்டு பழைய வகை அட்டை.

பொழுது சாயும்போது புதுக் கெர்னல் தயாரானது. டிஸ்க்கில் இடம் இல்லாததால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முந்தைய கெர்னலின் மேலேயே அதை எழுதினேன். பெட்டியை அணைத்துவிட்டு, இனித் திறந்து சோதிக்க வேண்டியதுதான் என்று நிமிர்ந்தால், அம்மா சூடத் தட்டோடு நிற்கிறார். எங்கள் வீட்டில் புது மோட்டார் வந்தாலும் தையல் மிஷின் வந்தாலும் பூஜை போடாமல் ஓட்ட மாட்டார்கள். பெட்டிக்குச் சந்தனம், திரைக்குக் குங்குமம், கீபோர்டின் மேல் மல்லிகை, முன்னால் ஒரு எலுமிச்சம்பழம்.

"சூடம் காட்டியாச்சு. இனிமே முகூர்த்தத்துக்குத்தான் தொறக்கணும். அதுல வர்ற மொதச் சத்தம் கெட்டி மேளமா இருக்கணும்" என்றார் அம்மா.

ஒரு தடவை திறந்து பார்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டு விட்டுக்கொடுத்திருப்பார். நான் சொல்லவில்லை. என் பெட்டிக்குத் தாலித் தட்டுக்குச் சமமான மரியாதை கிடைத்த பெருமையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கோயில் நிறைய ஆட்கள். பெட்டியை மணவறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். மந்திரம் ஒலிபெருக்கியில் கேட்பதற்காக ஐயருக்கு ஒரு மைக் வைத்திருந்தார்கள். அதுவும் பெட்டிக்கு அருகிலேயே இருந்தது. நேரம் நெருங்கியதும் பெட்டியைத் திறந்தேன். ஒரு நிமிஷத்துக்குள் எழுந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வியந்து தலையாட்டினார். ஒலிபெருக்கி வயரைக் கேசட்டிலிருந்து பிடுங்கிப் பெட்டியில் செருகினேன். நாதஸ்வரம் நின்றது. அத்தான் தாலியை எடுத்தார். ஐயர் கையை உயர்த்தி விரலை ஆட்டி, "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்றார்.

பொத்தானைத் தட்டினேன்.

"பீப்."

அவ்வளவுதான். அப்படி ஒரு சாதனமே இல்லை என்று திரையில் ஒரு வரி. மறுபடி தட்டினேன். பீப். வேறு பொத்தான். பீப். சவுண்ட் கார்டு இல்லாவிட்டாலும் பெட்டிக்குள் எச்சரிக்கைக்கு என்று ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. அதன் பெயரை மட்டும் நான் வெட்ட மறந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஐயரின் மைக் அதை ஒன்றுவிடாமல் பிடித்துச் செம்பனைக் காடு முழுக்க ஒலிபரப்பியது. வயரைக் கேசட்டில் திரும்பச் செருகினால், அங்கே டேப்பின் ஒரு பக்கம் முடிந்து வெறும் இரைச்சல். அத்தான் தாலியைப் பிடித்தபடி உறைந்துபோய் இருந்தார். யாரோ இருமினார்கள். அபசகுனம் எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் கெட்டி மேளம் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கெட்டி மேளமே அபசகுனமாக வந்து உட்கார்ந்திருந்தது. அத்தானின் அம்மா மடியில் கை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் குனிந்த தலையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது அஞ்சலை அத்தை பெண்கள் வரிசையிலிருந்து எழுந்தார். என்னைப் பார்த்தார். உத்தரவு கேட்கிற பார்வை. வேண்டாம் என்று சொன்னவன் நான்தானே. எனக்குத் தலையை ஆட்டக்கூடத் தெம்பு இல்லை. ஒரு மூச்சு நேரம் காத்துப் பார்த்துவிட்டு, அத்தை நாக்கைச் சுழற்றினார்.

அந்தக் குலவை கோயில் கூரையைப் போய் முட்டியது. பின்னாலேயே இருபது முப்பது பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். சமையல் கொட்டகையிலிருந்து கரண்டியும் கையுமாகச் சில பேர் ஓடி வந்து போட்டார்கள். அப்பா எழுந்து போய்க் கோயில் மணிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். அந்தச் சத்தத்தில் அத்தான் மூன்று முடிச்சும் போட்டு முடித்தார். அக்காவின் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாள் என்று அம்மா பதறினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. மணமக்கள் வெடித்துச் சிரிக்க, மற்ற எல்லாரும் இடது பக்கம் பார்த்து முறைக்கிறார்கள். இடது பக்கத்தில் நான்.

அத்தானின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பந்திக்குப் பிறகு கை கழுவப் போகும்போது என்னைக் கடந்து போனார். பிறகும் இத்தனை வருஷமாக என் வேலையை விசாரிப்பார், பிள்ளைகளை விசாரிப்பார், அந்தக் கல்யாணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

குடும்பத்தில் மற்றவர்கள் அப்படி விடவில்லை. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் கெட்டி மேளம் ஓய்ந்ததும் பின் வரிசையிலிருந்து யாராவது "பீப்" என்பார்கள். என் கல்யாணத்தில் இரண்டு வரிசை சேர்ந்து சொன்னது. கையில் தாலியோடு இருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பீப் எனக்குப் பழகிவிட்டது. உறுத்துவது அது இல்லை. கெர்னலில் நான் வெட்டிய பெயரை அடுத்த வாரமே திரும்ப எழுதிவிட்டேன், சவுண்ட் கார்டும் ஒன்றும் நடக்காத மாதிரி பாடியது. ஆனால் நல்ல காரியத்தில் போய் வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னேனே, அந்த அத்தையிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவே இல்லை.

போன வருஷம் அத்தானின் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். பெரிய ஆபத்து இல்லை, சில நாள் கவனிக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் அக்கா என்னைப் போனில் கூப்பிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இதயத் துடிப்பைக் காட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம். கண் விழித்ததும் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவர் சொன்னாராம்:

"பிள்ளை, உங்கட தம்பியின்ர மேளம் கேக்குது."

சாயங்காலமே அஞ்சலை அத்தையையும் அழைத்துக்கொண்டு போனேன். அத்தைக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். அத்தானின் அம்மா தலையணையில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார்.

"அண்டைக்கு இவ இல்லாட்டி என்ர மகன் இண்டைக்கும் கையில தாலியோட இருந்திருப்பான்" என்றார்.

பிறகு மெதுவாகக் கையை உயர்த்தி, அன்றைக்கு ஐயர் செய்தது போலவே விரலை ஆட்டினார். அதில் விரலில் மாட்டியிருந்த கருவி கழன்றது. மெஷின் விடாமல் பீப், பீப் என்றது.

அஞ்சலை அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். உத்தரவு கேட்கிற அதே பார்வை. இந்த முறை நான் தலையாட்டினேன். அத்தை நாக்கைச் சுழற்றினார்.

நர்ஸுகள் மூன்று பேர் ஓடி வந்தார்கள். இப்போது அந்த வார்டிலும் எனக்குத் தடை.