புகை மாதிரி ஒன்று

"நடுவுல இருந்த புகை எங்க போச்சு?" பெட்டியைத் திறந்த நிர்மலா ஒரு பனியனை உதறி விரித்தாள்.

சாம்பிள் பனியன்கள் மாலைக்குள் கூரியரில் போயாக வேண்டும். வெளிநாட்டு இசைக்காரர் ஒருவரின் புது ஆல்பத்துக்கானவை. அவருக்குப் பிடித்தால் பெரிய ஆர்டர். நிர்மலா தனியாகப் பார்க்கும் முதல் ஆர்டர். அவர் அனுப்பிய தாளில், கீழே பொடி எழுத்தில் ஆல்பத்தின் பெயர். நடுவே பழுப்பாக ஒரு புகை. பனியன்களில் இப்போது பெயர் மட்டுமே இருந்தது.

செக்கிங் மேசையிலிருந்து ஒச்சாயி எழுந்து வந்தாள். "ஆயில் கறைன்னு நெனச்சேன்க்கா. பிரிண்ட் காயுறதுக்குள்ள கறை எடுக்குற கன்னு வச்சு அடிச்சுச் சுத்தமா எடுத்துப்புட்டேன்."

"கறையா? ஜாஸ், எலக்ட்ரானிக், ஆர்கெஸ்ட்ரா மூணும் ஒண்ணாக் கலந்த இசை. அதைத்தான் அப்படி வரைஞ்சிருக்காங்க."

"வரஞ்சதாக்கா அது?"

நிர்மலா பல்லைக் கடித்துக்கொண்டு பிரிண்டிங்குக்கு ஓடினாள். மறுபடி அடித்து வந்ததில் புகை கச்சிதமான வட்டமாக இருந்தது.

"கோணலும் மாணலுமா இருந்துச்சுங்க. நாந்தான் திருத்திட்டனுங்க," என்றார் பிரிண்டிங் மாஸ்டர் கந்தப்பன், பாராட்டை எதிர்பார்த்து.

"ஏனுங்க, ஒருத்தர் கலையைத் திருத்த நீங்க யாருங்க?"

இசையைக் கேட்டால்தான் இவர்களுக்கு உறைக்கும் என்று, தாளோடு வந்த சிடியை ஸ்பீக்கரில் போட்டாள். அதன் அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு முனகல் கிளம்பியது. மோட்டார் எரிகிறதென்று மெக்கானிக் ஓடி வந்து மெயினை அணைத்தார். எல்லா மெஷினும் நின்றது. எங்கே எரிகிறது என்று ஆளாளுக்கு மோந்து பார்த்தார்கள்.

"அது பாட்டுங்க," என்றாள் நிர்மலா, அழாத குறையாக.

"பாட்டுங்களா? பேரிங்குக்குக் கிரீஸ் பத்தலீன்னு நெனச்சனுங்க."

கடைசியில் அவளே பக்கத்தில் நின்று, தாளைப் பார்த்துப் பார்த்து, புகையை இரண்டு மடங்கு பெரிதாக அடிக்க வைத்தாள். இனி யாராவது இதைக் கறை என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

வேன் டிரைவர் கன்னையன் பெட்டியைக் கூரியரில் சேர்த்துவிட்டுத் திரும்பியபோது, அவள் அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கன்னையன் எட்டிப் பார்த்தார். "இந்தப் பேப்பரை இன்னுமா வெச்சிருக்கற கண்ணு? அன்னிக்கு இது வந்த கூரியர் கவர் பிஞ்சு கெடந்துச்சு. வேன்ல வேற பேப்பர் இல்லீன்னு, இதுலதான் போண்டா வெச்சுத் தின்னேன்."