வடதுருவத்து எண்ணெயை நான் திருத்தினேன்

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு கம்பெனி எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தது. அதைக்கூட நான் ஒழுங்காகச் சொல்லவில்லை.

தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வடதுருவத்துக் கடலுக்கு அடியில், இன்னும் யாரும் கண்டுபிடிக்காத எண்ணெயும் எரிவாயுவும் எவ்வளவு இருக்கலாம் என்று கணித்துச் சொல்வதுதான் வேலை. அங்கே துளை போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. அதனால் அதே மாதிரிப் பாறைகள் உலகத்தில் வேறு எங்கே இருக்கின்றன, அங்கே என்ன கிடைத்தது என்று பார்த்து, இங்கேயும் இவ்வளவு கிடைக்கலாம் என்று சொல்வோம். நான் ஜியாலஜி முடித்துவிட்டுச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பனிக்கட்டியை எங்கள் வீட்டு ஃப்ரீஸரில் மட்டுமே பார்த்திருந்தேன் (அதுவும் கரண்ட் இருக்கும் நாட்களில்).

ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு இந்த வேலை கடைசிவரை பிடிபடவில்லை.

"அப்ப இல்லாததை எண்ணுற வேலையாம்மா?"

"இருக்குப்பா. இன்னும் கண்டுபிடிக்கல, அவ்ளோதான்."

"கண்டுபிடிக்கலன்னா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. பதில் தெரியாததால், "உங்களுக்குப் புரியாதுப்பா" என்று எழுந்து போய்விட்டேன்.

எங்கள் டீம் லீடர் நஸ்ரீன் அக்கா, கோவிலம்பாக்கத்துக்காரர். ஒரே ஒரு கடல் பகுதியைப் பற்றிய அறிக்கைக்காக ஒன்றரை வருடம் உழைத்திருந்தார். அதை வெளிநாட்டு க்ளையன்ட்டிடம் வீடியோ காலில் விளக்க வேண்டிய வாரத்தில், அவருடைய அத்தா (அப்பாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்) நெஞ்சு வலியில் சுருண்டு விழுந்து ஐ.சி.யூ.வில் சேர்க்கப்பட்டார். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு போன் செய்தார்.

"நீ பண்ணிடு. ஸ்லைடுல இருக்கிறதைப் படிச்சா போதும். நம்பர்ல மட்டும் கை வைக்காத."

"கவலையே படாதீங்கக்கா" என்றேன்.

கவலைப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஸ்லைடுகளைப் புரட்டினேன். முக்கியமான அட்டவணையில் மூன்று காலம் (நேரத்தைக் குறிக்கும் காலம் அல்ல, எக்செல்லில் மேலிருந்து கீழே ஓடும் காலம்). தொண்ணூற்றைந்து சதவீதம், ஐம்பது, ஐந்து. தொண்ணூற்றைந்தின் கீழே இருப்பதிலேயே சின்ன எண், ஐந்தின் கீழே பெரிய எண். பாவம் அக்கா, ஆஸ்பத்திரிக் குழப்பத்தில் தலைகீழாகப் போட்டுவிட்டாரே! பெரிய சதவீதத்துக்குப் பெரிய எண்தானே வர வேண்டும்? கஷ்டத்தில் இருப்பவரை இதற்காக ஏன் தொந்தரவு செய்வது என்று நானே இரண்டையும் இடம் மாற்றினேன். தலைப்புக்கு நீல வண்ணமும் அடித்தேன்.

அக்கா போட்டிருந்ததுதான் சரி. "இவ்வளவாவது இருக்கும்" என்று தொண்ணூற்றைந்து சதவீதம் துணிந்து சொல்லக்கூடிய அளவு எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். எல்லா அதிர்ஷ்டமும் கூடி வந்தால் கிடைக்கக்கூடிய பெரிய அளவுக்கு வாய்ப்பு ஐந்து சதவீதம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளாக மழை. சிட்லபாக்கம் ஏரி நிரம்பி எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அதனால் வீட்டிலிருந்தே பேசினேன். அப்பா கட்டில் ஓரத்தில் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார் (கேமரா தப்பித் தவறி அவர் பக்கம் திரும்பினால்?).

அட்டவணை வந்ததும் அந்தப் பக்கம் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். "இந்தப் பெரிய அளவு ஏறக்குறைய நிச்சயம் என்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தொண்ணூற்றைந்து சதவீதம், சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதையே நாங்கள் கொஞ்சம் அடக்கித்தான் சொல்லியிருக்கிறோம்" என்றும் சேர்த்துவிட்டேன்.

அவர்கள் முகமெல்லாம் பல். வீடியோ கால் முடிந்ததும் அப்பா கை தட்டினார். அம்மா கேசரி கிளறி, தண்ணீரில் நடந்து போய் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். "சூப்பரா முடிஞ்சுதுக்கா" என்று நஸ்ரீன் அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது.

"டேபிளை யாரு மாத்துனது?"

"நான்தான்க்கா. தப்பா இருந்துச்சுன்னு..."

அந்தப் பக்கம் ஏதோ ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம்.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

அதற்குள் க்ளையன்ட் அந்த எண்ணைத் தங்கள் மேலிடத்துக்குச் சொல்லியிருந்தார்கள். ஐ.சி.யூ. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தவறு தன் குழுவுடையது என்று அக்கா மன்னிப்புக் கடிதம் எழுதினார். என் பெயர் அதில் இல்லை. அன்று சாயங்காலம் அவருடைய அத்தா இறந்துபோனார்.

மறுவாரம் துக்கம் விசாரிக்கப் போனேன். அக்கா தன் அம்மாவிடம், "என்கூட வேலை பாக்குற பொண்ணும்மா. அன்னிக்கு எனக்குப் பதிலா பேசினாளே, அவ" என்றார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கு நினைவு திரும்பினப்பல்லாம் அதைத்தாம்மா கேட்டாரு. 'நஸ்ரீனோட மீட்டிங் நல்லா முடிஞ்சுதா'ன்னு. கடைசியா கேட்டப்பவும், 'நல்லபடியா முடிஞ்சுது அத்தா'ன்னு இவ சொன்னா."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் டீ கொண்டுவர உள்ளே போய்விட்டார்.

க்ளையன்ட் எங்களுக்கு அடுத்த வேலையைத் தரவில்லை. இரண்டு மாதத்தில் டீமைக் கலைத்தார்கள். நஸ்ரீன் அக்கா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேறு வேலைக்குப் போனார். என்னை மட்டும் யாரும் வெளியே அனுப்பவில்லை. மற்றவர்களின் அறிக்கைகளில் காலத் தலைப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் பிரிவில் போட்டார்கள். (இதைக் கேட்டுச் சிரிக்காதவர்களை நான் இதுவரை சந்திக்கவில்லை.)

அந்த நாட்களில் அழுதுகொண்டே அப்பாவிடம் அட்டவணையை வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். அதுதான் வினை. இன்றுவரை எங்கள் வீட்டில் யாராலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. "இன்னிக்கு மழை வராது, துணி காயப்போடலாம்" என்றால், "எந்த காலம்? தொண்ணூத்தஞ்சா, அஞ்சா?" என்பார். என் கல்யாணத்தன்று, முகூர்த்தத்துக்குள் வந்துவிடுவோம் என்று போன் செய்த மாப்பிள்ளை வீட்டாரிடமும் இதையே கேட்டார். அவர்கள் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நஸ்ரீன் அக்கா இதையெல்லாம் இந்நேரம் மறந்திருப்பாங்க, இல்லப்பா?"

பேப்பரிலிருந்து அவர் தலையை எடுக்கவில்லை.

"எந்த காலம்மா?"

"அஞ்சு" என்றேன்.