கசிவு பிடிக்கும் கனவான்

மனிதர்களில் கசிவு பிடிப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. எனக்கு அப்படி யாரையும் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள், நம்ப மாட்டேன். உலகத்தில் உள்ள எல்லாப் பாத்திரமும் ஒழுகத்தான் செய்கிறது, அதை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பாக்கி என்பது அவருடைய கட்சி.

தொட்டி வாங்கப் போன பட்டறையில் நான் பார்த்தவர் அங்கே சோதனை அதிகாரி. இரும்புத் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டரின் முள் அரைமணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது உத்தியோகம். வீட்டிலும் அதே உத்தியோகம்தான், சம்பளம் கிடையாது. காலையில் மனைவி கொடுக்கும் காபி பிளாஸ்க்கைத் தலைகீழாகப் பிடித்து, மூடியைச் சுற்றி ஷேவிங் பிரஷால் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை தடவி, பஸ்ஸைக் கோட்டைவிடுவார்.

“காபி ஆறிடுங்க.”

“ஆறட்டும். கசிஞ்சா யார் பதில் சொல்றது?”

அன்றைக்கு, எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண் வெல்டர் செய்த தொட்டி சோதனைக்கு வந்தது. முள் இறங்கியது. தொட்டியைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“அதான் ஆபத்து. இது கூச்சப்படற கசிவு” என்றார் நம்மவர்.

அக்கா பற்றவைத்த இடத்தையெல்லாம் அராவித் தள்ளிவிட்டு முதலிலிருந்து பற்றவைத்தார். மறுபடியும் முள் இறங்கியது. மூன்றாம் தடவையும் தோற்றால் வெல்டர் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள், அட்டை போனால் வேலையும் போகும். அது பட்டறை விதி.

இதற்குள் ஒரு விஷயம் எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது. தொட்டி காய்ந்து கிடக்கிறது, நம்மவர் நாற்காலிக்கு அடியில் மட்டும் ஒரு குட்டை. பம்பிலிருந்து தொட்டிக்குப் போகும் அவருடைய சொந்தக் குழாயின் மூட்டுதான் ஒழுகிக்கொண்டிருந்தது. யார் சொல்வது? சோதிக்கிறவரையே சோதிக்கலாமா? சூப்பர்வைசர் என்ன செய்தார் தெரியுமா? சார் கால் நனையக்கூடாதென்று ஒரு பலகை போட்டார். குட்டை பெருகியதும் இரண்டாவது பலகை. ஸ்டோரிலிருந்து ரப்பர் பூட்ஸ் வந்தது. நம்மவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, மாட்டிக்கொண்டு, முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சோதனை. முள் இறங்க ஆரம்பித்தது. வாய் திறந்தது அக்கா ஒருவர்தான்.

“சார், ஒழுகறது உங்க குழாய். கீழ பாருங்க.”

குனிந்து பார்த்தார்.

“இது வேர்வை” என்றார்.

“இவ்வளவா சார்?”

“பொறுப்பான வேலைம்மா இது!”

அக்கா அழுத்தத்தை இறக்கினார், ஸ்பானரால் மூட்டை இறுக்கினார், மறுபடி ஏற்றினார். முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பார்த்தோம். அட்டை பிழைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை, அடுத்த தொட்டி காத்திருந்தது.

நம்மவர் கையெழுத்துப் போட்டு ஒரு குறிப்பும் எழுதினார்: ‘இரண்டு முறை திருப்பி அனுப்பியதால் தொட்டியின் தரம் உயர்ந்தது.’ பிறகு பெருந்தன்மையோடு, “பாத்தியாம்மா, நான் விடாப்பிடியா நின்னதாலதான் உன் வேலை சுத்தமாச்சு” என்றார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு நாலைந்து முகம் வந்து போயிருக்கும். மேனேஜர், மாமனார், எதிர்வீட்டுக்காரர் என்று விரல்விட்டு எண்ணியும் இருப்பீர்கள். சந்தோஷம். இப்போது இதை உங்கள் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். இது யாரைப் பற்றியது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.