அம்மாவின் தலைமேல் நின்ற நாரை

பறவையைப் படம் பிடிக்கப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்குப் பொறுமை ஏராளமாக இருந்தது. மூளைதான் கொஞ்சம் பற்றாக்குறை.

எண்பதுகளின் தொடக்கம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த மாமா, என் அக்காவைக் கல்யாணம் செய்து பிரான்சுக்கு அழைத்துப் போனபோது தன் பழைய கேமராவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு ஞாயிறு விடிந்தால் நெல்லித்தோப்பிலிருந்து சைக்கிளில் ஊசுட்டேரிக்குப் போய்விடுவேன். (நான் பட்டனை அழுத்துவதற்குள் பறவை திண்டிவனத்தைத் தாண்டியிருக்கும்.)

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அம்மாவின் போட்டோ. அது அவளிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அக்காவின் கல்யாணப் படங்களில்கூட அம்மா தூணுக்குப் பின்னால்தான் இருப்பாள்.

அக்கா அப்போது பிள்ளையுண்டாகியிருந்தாள். தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வர வழியில்லை என்று தெரிந்ததும் அம்மா இறங்கி வந்தாள்.

"எடுத்துத் தொலைடா. பொண்ணு ஏங்கிப் போவுது. ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டாவது கேட்ட, கேமரா கெணத்துல கெடக்கும்."

அரக்குப் புடவை கட்டிக்கொண்டு, இருட்டான நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடிச் சாமியை வேண்டினாள். திறந்த நொடியில் எடுத்தேன். அந்த ரோலில் அதுதான் கடைசிப் படம்.

எடுத்து முடித்த ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும்போது அதன் வாலையும் டப்பாவுக்குள் இழுத்துவிட வேண்டும். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புது ரோல் என்று அர்த்தம். நான் வாலை வெளியே விட்டுவிட்டேன். (எந்த வேலையிலும் கொஞ்சம் மிச்சம் வைப்பது என் சுபாவம்.) அடுத்த ஞாயிறு அதே ரோலைப் புதிது என்று மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

இடுப்பளவு சேற்றில் நின்றேன். அன்றைக்கென்று ஒரு வெள்ளை நாரை, கடைசிப் படத்துக்குப் பெரிய மனது பண்ணி, ஒற்றைக்காலில் அசையாமல் நின்றது. வாழ்க்கையிலேயே நான் எடுத்த உருப்படியான பறவைப் படம் அதுதான்.

ஸ்டுடியோக்காரர் கழுவிய படத்தை இரண்டு கையாலும் பயபக்தியோடு நீட்டினார்.

"இது எந்தக் கோயில் அம்மனுங்க?"

நாற்காலியில் அம்மா. அவள் தலைமேல் ஒற்றைக்காலில் நாரை.

ஒரே ஃபிலிமில் இரண்டு தடவை எடுத்ததில் ஒரு படத்தின்மேல் இன்னொன்று விழுந்திருந்தது. அம்மா இன்னொரு முறை உட்கார மாட்டாள். அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படத்தைக் கொடுத்துவிட்டு அழுதேவிட்டேன்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"என் ஆயுசு போயிடும்னு பயந்தேன். பாவம், இந்தப் பறவ குறுக்க வந்து வாங்கிக்கிச்சு."

"அம்மா, இன்னொண்ணு எடுக்கட்டுமா?"

"ஒதைப்பேன். இதையே அனுப்பு. சிரிச்சிக்கினே பெத்துக்குவா."

அனுப்பினேன். சுகப்பிரசவம்.

அம்மா சொன்ன சொல் மாறவில்லை. சாகும்வரை கேமரா முன்னால் மறுபடி உட்காரவேயில்லை. அதனால் கூடத்தில் மாலை போட்டுத் தொங்குவது அந்தப் படம்தான். நாரையை மட்டும் மறைத்துத் தரலாம் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். அக்கா கூடாது என்றுவிட்டாள்.

தெவசத்தன்று மொட்டைமாடியில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுக் காத்திருப்போம். காக்கை சாப்பிட்டால்தான் எங்களுக்கு இலை. சில வருஷங்களில் லேசில் வராது. பசியோடு எல்லாரும் வானத்தைப் பார்ப்போம். ஊருக்கு வந்திருக்கும் அக்கா என் பக்கம் திரும்பாமலே சொல்வாள்:

"காக்கா எப்பிடிடா கிட்ட வரும்? அம்மா தலமேல நாரைய இல்ல காவலுக்கு நிக்க வச்சிருக்க."