வளைந்து ஓடிய பட்டன்

அழகாகச் செய்கிறேன் என்று நான் கை வைத்த எதுவும் அதற்கப்புறம் உபயோகப்பட்டதில்லை. பிள்ளைகளா, உங்கள் அம்மா சொல்வதற்கு முன் இதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பாலிடெக்னிக் முடித்த கையோடு (இரண்டு பேப்பர் பாக்கி இருந்தது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை) திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வாய்ப்பு வந்தது. எடை போட்டதும் திரையில் ஒரு பட்டனை அழுத்தினால் சீட்டு வர வேண்டும். சீட்டு வந்தால்தான் மூட்டையைத் தூக்குவார்கள். முதலாளி கேட்டது அவ்வளவுதான். சரியாக ஓடினால் கடையிலேயே நிரந்தர வேலை என்றார்.

வெறும் பட்டனா? எனக்கு மனசு கேட்கவில்லை. பூக்கடையாயிற்றே என்று, மாலை தொங்குவது போல ஒரு வளைவு போட்டேன். தொடக்கத்துக்கு ஒரு புள்ளி, முடிவுக்கு ஒன்று, நடுவில் கோட்டைக் கீழே இழுக்க இரண்டு. அந்த வளைவில் பட்டன் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், நிற்கவே கூடாது என்று எழுதினேன். வீட்டில் ஒரு வாரம் சோதித்தேன். அதாவது, பார்த்து ரசித்தேன். அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

முதல் நாள் காலை, முதல் மூட்டை மல்லிகை தராசில் ஏறியது. முதலாளி மவுஸைப் பிடித்தார். பட்டன் நழுவியது. துரத்தினார், அது போய்த் திரும்பி, அவரைத் தாண்டி ஓடியது. நான் மவுஸை வாங்கித் துரத்தினேன். (எழுதியவனுக்காவது அடங்கும் என்று நினைப்பு.) பின்னால் மூட்டைகள் சேர்ந்துகொண்டே போயின. மொட்டு விரிந்துவிட்டால் மல்லிகையை யாரும் சீண்ட மாட்டார்கள்.

வரிசையில் நின்ற விவசாயி ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏலே அப்பு, ஊஞ்சல் நல்லாத்தான் ஆடுது. அது எறங்குறதுக்குள்ள எம் பூவு விரிஞ்சிருமே?"

அதுவரை கடையில் கையால் சீட்டு எழுதி வந்தவள் செல்வி. என் புரோகிராம் ஓடினால் அவளுக்கு வேலை இல்லை. அவள்தான் எழுந்து வந்தாள்.

"செத்த நேரம் தள்ளுங்க. அது பின்னாடியே ஏன் ஓடுறீங்க? திரும்புற எடத்துல நிக்கும்ல."

அம்புக்குறியை வளைவின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை அசைக்காமல் காத்திருந்தாள். பட்டன் வந்தது. திரும்பும் முன் கொஞ்சம் மூச்சு வாங்கியது. அழுத்தினாள். சீட்டு வந்தது.

அன்று முழுக்க அவளே அழுத்தினாள். பூ அத்தனையும் மொட்டாகவே போனது. நிரந்தர வேலை அவளுக்குக் கிடைத்தது. பட்டனை ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்படி முதலாளி என்னிடம் சொன்னார்.

அந்தச் செல்விதான் உங்கள் அம்மா. தக்காளி வாங்க மறந்துவிட்டு, பேகம்பூரில் டிராஃபிக் என்று தொடங்கி நான் ஊரையெல்லாம் சுற்றிக் காரணம் சொல்லும்போது, அவள் குறுக்கே பேசாமல் ஒரு விரலை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறாளே, எதற்கென்று கேட்பீர்களே? நான் திரும்பும் இடம் அவளுக்குத் தெரியும்.