மூன்று ராஜாக்களுக்கு ஒரு டாங்கி

கைவேலை எதுவும் தெரியாதவனை ஊரில் யாரும் தொந்தரவு செய்வதில்லை. நன்றாகத் தெரிந்தவன் எப்படியோ பிழைத்துக்கொள்கிறான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் அழிகிறான். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

அப்போது நான் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டத்தின் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். (ஃபிட்டர் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். பட்டறையில் இருந்தவர்கள் ‘ஸ்பேனர் எடுத்துக் குடுக்குறவன்’ என்றார்கள்.) வெள்ளைக்காரன் ஆண்ட எமர்ஜென்சி காலம் அது. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்தார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. தொழிலாளர் குடியிருப்பான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, கேட்டில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். எங்கள் வெள்ளைக்காரத் துரை பக்கத்துத் தோட்டத்துக்குப் போவதென்றாலும் இரும்புத் தகடு அடித்த காரில்தான் போவார்.

இந்த லட்சணத்தில் எனக்குக் காதல் வேறு. பெண்ணின் பெயர் பிலோமினா. அவளுடைய அப்பா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி வாத்தியார். பாதிரியார் மாதம் ஒருமுறைதான் வருவார் என்பதால், மற்ற ஞாயிறுகளில் எங்கள் சின்னக் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியாரும் அவரேதான். என் அம்மா போய்ப் பெண் கேட்டாள். “பாப்போம்” என்றார். அந்த ஒரு சொல்லோடு நான் ஒரு மழைக்காலம் முழுக்க வாழ்ந்தேன்.

டிசம்பர் பிறந்தது. ஒருநாள் பூசை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த உபதேசியார் என்னைக் கூப்பிட்டார்.

“சூசை, குடில்ல வைக்கிற ஒட்டகத்தையெல்லாம் கரையான் தின்னுருச்சு. மூணு ராஜாவும் நடந்து வர்ற மாதிரி இருக்கு. நீ பட்டறையிலதான இருக்க, ஒரு ஒட்டகம் செஞ்சு குடேன்.”

ஒரு ஒட்டகம். மரத்தில் நாலு கால், முதுகில் ஒரு மேடு. அதைச் செய்துகொடுத்திருந்தால் நான் இன்று கௌரவமான மனிதனாக இருந்திருப்பேன். ஆனால் ஒட்டகத்தை நான் பார்த்ததில்லை. டாங்கியையும் பார்த்ததில்லை, எங்கள் பக்கம் ஓடியதெல்லாம் ரப்பர் சக்கரம் போட்ட கவச வண்டிகள்தான். ஆனால் டாங்கியின் படம் ஒன்று என்னிடம் இருந்தது. பட்டறைக்கு உதிரிச் சாமான் சுற்றி வந்த பழைய போர்ப் பத்திரிகைத் தாள். முன்னால் புல்டோசர் பிளேடு மாட்டிய டாங்கி, பக்கத்தில் ஒரு சிப்பாய். நான் அந்தப் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன். (மற்ற இளைஞர்கள் வைத்திருந்த படங்களைப் பற்றி இங்கே எழுத முடியாது.)

“ஒட்டகம் எதுக்கு சார்?” என்றேன். “தொரையே இரும்புக் காரு இல்லாம வெளிய போறதில்ல. மூணு ராஜா, கையில பொன்னு வச்சிருக்காங்க. ஒட்டகத்துல தனியா வந்தா வழியிலயே முடிச்சிருப்பானுங்க. முன்னால ஒரு டாங்கி போகணும் சார்.”

அவர் சிரித்திருக்க வேண்டும், அல்லது அறைந்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் யோசித்தார். காலம் அப்படி.

“மாசம் வர்ற சாமி ஒண்ணும் சொல்லமாட்டாரே?”

“சாமியே ராணுவ வண்டிக்குப் பின்னாலதான சார் பூசைக்கு வர்றாரு.”

படத்தை வாங்கிப் பார்த்தார். “முன்னால என்னா இது, மம்பட்டி மாதிரி?”

“மரத்த வெட்டிப் போட்டு வழிய மறிச்சிருந்தா தள்ளிட்டு வரணும்ல சார்.”

“ம்” என்றார். என் அழிவுக்கு அவ்வளவுதான் உத்தரவு.

அளவுதான் முதல் சிக்கல். படத்துச் சிப்பாயை ஆறடி என்று வைத்துக்கொண்டேன். கோயில் ராஜா சிலை ஒரு சாண் உயரம். ராஜாவையும் சிப்பாயையும் சமமாக்கிக் கணக்குப் போட்டதில் டாங்கி ஒன்றரை முழம் வந்தது. குறைத்திருக்கலாம். ஆனால் அளவு பிசகக்கூடாது என்று ஒரு வெறி. மண்ணெண்ணெய் டின் இரண்டைப் பிரித்து உடம்பு செய்தேன். ரப்பர் மரக்கட்டையைக் கடைந்து சக்கரங்கள். பழைய சைக்கிள் செயினில் டயர்த் துண்டுகளைக் கட்டி இரண்டு பக்கமும் ஓடும் பட்டை. பால்வாளியின் வளைந்த பக்கத்தை வெட்டியதும் பிளேடு தானாகவே அமைந்துவிட்டது. பீரங்கிக் குழாய்க்குச் சைக்கிள் பம்பு. படத்தில் இடப்பக்கம் மட்டுமே தெரிந்ததால், வலப்பக்கத்துக்கு யோசித்து யோசித்து லயத்து வீட்டுக் கதவு மாதிரி ஒரு கதவும் தாழ்ப்பாளும் வைத்தேன்.

மேல்கூண்டைப் பட்டறையிலிருந்து பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கேட்டில் என்னை நிறுத்தினார்கள். கான்ஸ்டபிள் பைக்குள் கையை விட்டு, பம்புக் குழாயைப் பிடித்து வெளியே இழுத்தார். அவர் முகம் மாறியது.

“என்னா இது?”

“டாங்கி.”

“யாரோடது?”

“மூணு ராஜாவோடது.”

உபதேசியார் வந்து சொல்லும்வரை காவல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கான்ஸ்டபிளிடம் பேசினாரே தவிர, என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வரும் வழியெல்லாம் எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தார்.

அதோடு விட்டேனா? படத்தில் தகடுகளின் விளிம்பெல்லாம் ஆணித்தலைகள் வரிசையாகத் தெரிந்தன. அவ்வளவு சின்ன ஆணிக்கு எங்கே போவது? அம்மாவின் கடுகு டப்பாவை எடுத்தேன். ஒவ்வொரு கடுகாக ரப்பர் பாலில் தொட்டு, கண் பிதுங்க ஒட்டினேன். பார்க்க அச்சு அசல் ஆணித்தலை. மறுநாள் அடைமழை, தொடர்ந்து ஈரக்காற்று. பச்சைப் பெயின்ட் அடிக்கலாம் என்று சாக்கை விலக்கினால், டாங்கிக்கு முடி முளைத்திருந்தது. கடுகெல்லாம் முளைவிட்டு, வரிசையாக, பட்டாளத்து ஒழுங்கோடு நின்றது.

“நல்லா வருது. இன்னும் ரெண்டு நாள் விட்டா பொரியல் பண்ணலாம்” என்றாள் அம்மா.

சவரக்கத்தியால் டாங்கிக்குச் சவரம் செய்தேன். மறுபடி கடுகை வறுத்து ஒட்டினேன். கதவுகளுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட், புகைபோக்கிக்குக் கரித்தூள், பட்டைகளுக்கு ஆற்றங்கரைச் சேறு, கம்பியில்லாத் தந்திக்கு ஒரு ஈர்க்குச்சி, விளக்குகளுக்கு என் ஒரே நல்ல சட்டையின் பொத்தான்கள். உண்மையாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. அதன்பின் நான் செய்த எதுவும் அவ்வளவு அழகாக வரவில்லை.

அப்படியே வைத்திருக்கலாம். ஆனால் துரை பங்களாவிலிருந்து ஒரு செத்த கிராமபோன் பட்டறைக்கு வந்து கிடந்தது. அதன் சுருள்வில்லை எடுத்து டாங்கிக்குள் வைத்தேன். வேகத்தைக் கட்டுப்படுத்த அதில் ஒரு சின்னக் கருவி இருந்தது. இடம் பற்றாததால் அதைக் கழற்றி எறிந்தேன். சாவி கொடுத்து வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். அம்மாவின் அம்மிக்குழவியைச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போனது. நான் சந்தோஷப்பட்டேன். மடையன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் மத்தியானம் டாங்கியைக் கோயிலுக்குத் தூக்கிப் போனேன். பள்ளிக்கூட மேசைகள் இரண்டைச் சேர்த்துப்போட்டு, லாலாங் புல்லும் மூங்கிலும் வைத்துப் பிலோமினா குடில் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இது அசையுமா?” என்றாள்.

“ஒரு சாண்தான். குளோரியா பாடுறப்ப சாமி குழந்தைய வைப்பாருல்ல, அப்ப நான் நூலை இழுத்து வில்லை அவுத்துவிடுவேன். டாங்கி மெதுவா முன்னால வந்து, பிளேடை எறக்கி வணக்கம் வச்சு நின்னுரும்.”

“நிக்கலன்னா?”

“புல்லுக்கடியில கட்டை வச்சிருக்கேன்லா. முட்டிக்கிட்டு நின்னுரும்.”

அவள் டாங்கியைச் சுற்றி வந்து பார்த்தாள். தாழ்ப்பாளைத் திறந்து மூடினாள். “கதவு நல்லாருக்கு” என்றாள். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

ஊரடங்கால் நள்ளிரவுப் பூசை கிடையாது. கிறிஸ்துமஸ் காலை, விடிந்தபின் பூசை. கோயில் நிறைந்திருந்தது. துரை மரியாதைக்காக முன்வரிசை நாற்காலியில், இடுப்பில் பிஸ்டலோடு. வெளியே காவலுக்குக் கான்ஸ்டபிள்கள். நான் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில், நூலைப் பிடித்துக்கொண்டு, பொத்தானில்லாத சட்டையை ஊசி குத்தி மூடியபடி முழங்காலிட்டிருந்தேன்.

எனக்குத் தெரியாத ஒரு விஷயம்: பூசைக்குச் சற்று முன்னால் உபதேசியார் குடிலைப் பார்வையிட்டிருக்கிறார். மேசை ஒரு காலில் ஆடியிருக்கிறது. புல்லுக்கடியில் ஒரு கட்டை வீணாகக் கிடக்கிறதே என்று அதை உருவி மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்துவிட்டார். மேசை ஆடாமல் கம்பீரமாக நின்றது.

மணி ஒலித்தது. குளோரியா தொடங்கியது. சாமியார் குழந்தை இயேசுவைத் தீவனத்தொட்டியில் வைக்கக் குனிந்தார். நான் நூலை இழுத்தேன்.

டாங்கி கிளம்பியது. ஒரு சாண் வந்தது. பிளேடை இறக்கியது. ‘ஆ’ என்று சனங்கள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. என் வாழ்க்கையின் உச்சம் அந்த இரண்டு வினாடிதான். பிறகு அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

முதலில் ஆடுகள் போயின. அடுத்து இடையர்கள், ஆட்டுக்குப் பின்னாலேயே. மாடு கொஞ்சம் எதிர்த்துப் பார்த்தது. நான் பால்வாளியில் வெட்டிய பிளேடு அத்தனை பேரையும் ஒரே குவியலாக, ஒருவரையும் சிந்தாமல், தள்ளிக்கொண்டு போனது. நூலைத் திரும்ப இழுத்தேன். அறுந்து கையோடு வந்தது. சாமியார் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டார். மாதா சிலை மூங்கில் தூணில் சாய்ந்து தப்பித்தது. மாதாவின் கணவர் சூசையப்பர் மட்டும் தனியாக நின்று தாங்கினார். பாவம், எவ்வளவு நேரம் தாங்குவார்? அவரும் மற்றவர்களும் டாங்கியுமாகச் சிமென்ட்டுத் தரையில் விழுந்தார்கள்.

விழுந்த வேகத்தில் கிராமபோன் சுருள்வில் அறுந்தது. படார்!

அந்தக் காலத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் என்னவென்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். கோயில் முழுக்கத் தரையோடு தரையாகப் படுத்தது. துரை நாற்காலிக்குப் பின்னால் பிஸ்டலோடு மல்லாந்து கிடந்தார். கான்ஸ்டபிள்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து, யாரைச் சுடுவது என்று தெரியாமல் திகைத்து நின்றார்கள். சாமியார் ஒருவர்தான், குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். நான் ஆர்மோனியத்துக்கு அடியில் கிடந்து, அது நிஜமான துப்பாக்கிச் சூடாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

எலுமிச்சங்காய் அளவில் ஒரு தலை உருண்டு போய்த் துரையின் கால் சப்பாத்தில் முட்டி நின்றது. அவர் அதை எடுத்துப் பார்த்தார்.

“யார் தலை இது?” என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

“சூசை தலைங்க, தொரே” என்றார் தரையிலிருந்து உபதேசியார்.

“சூசை எங்கே?”

நான் ஆர்மோனியத்துக்கு அடியிலிருந்து கையைத் தூக்கினேன். துரை என்னையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அமைதியில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பிலோமினாதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு சிரிக்கிறவள் நம்மைக் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

கான்ஸ்டபிள்கள் டாங்கியை விசாரணைக்கு எடுத்துப் போனார்கள். திரும்பி வரவேயில்லை. பிற்பாடு கேட்டிற்குப் போகும்போதெல்லாம் கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் அந்தப் பிளேடு மட்டும் கண்ணில் பட்டது; கான்ஸ்டபிள் ஒருவர் அதில் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உபதேசியார் சூசையப்பரின் தலையையும் உடம்பையும் ஒரு துணியில் முடிந்து எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். “ஒட்டிக் கொண்டுவரச் சொல்லு” என்று மட்டும் செய்தி. பசைக்கு எங்கே போவேன்? வழக்கம்போல ரப்பர் பால்தான். காய்ந்தபிறகுதான் தெரிந்தது: சூசையப்பருக்குக் கழுத்து ரப்பராகிவிட்டது. தொட்டால் தலை முன்னும் பின்னும் ஆடியது.

கொண்டுபோய் உபதேசியார் வீட்டு மேசையில் வைத்துவிட்டு, ஒடுங்கி நின்றேன். பக்கத்தில் அம்மா. கதவோரம் பிலோமினா. அவர் சிலையைப் பார்க்கவேயில்லை. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் ஒன்றாக வந்தது.

“கோயிலயே கவுத்துட்டான்! தொரை முன்னால என்னைத் தரையில படுக்க வச்சுட்டான்! இவனுக்கு நான் என் பொண்ணக் குடுக்கணுமா?” என்று மேசையில் ஓங்கி ஒரு அறை அறைந்தார்.

சூசையப்பர் தலையாட்டினார்.

ஆமாம், ஆமாம், ஆமாம் என்று நிதானமாக, நீண்ட நேரம் ஆட்டினார். உபதேசியார் வாயைத் திறந்தபடி நின்றார்.

“அப்பா, அவரே சரின்னுட்டாரு” என்றாள் பிலோமினா.

ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம். தலையாட்டும் சிலையைக் கோயிலில் வைக்க முடியாது, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சாமியார் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எதையும் நான் தீர்மானித்ததில்லை. பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்தில் போடுவதா, தோட்டத்தை விட்டு வெளியேறுவதா, புக்கிட் செந்தோசாவில் வீடு வாங்குவதா, எல்லாவற்றுக்கும் பிலோமினா மேசையைத் தட்டிச் சூசையப்பரைக் கேட்பாள். அவர் ஒருமுறைகூட அவளுக்கு எதிராகச் சொன்னதில்லை. எனக்கு வேண்டியதை நான் போய்த் தட்டிக் கேட்டால், “கேள்விய மாத்திக் கேக்குறீங்க” என்பாள்.

போன வருடம் பேத்தியை முதல்முறையாகக் கோலாலம்பூரில் ஒரு பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஆளுயரச் சூசையப்பர், பளிங்கில். ஐந்து வயதுப் பேத்தி ஓடிப்போய்ப் பீடத்தை ஓங்கித் தட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். மறுபடி தட்டினாள். பிறகு, கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, உரக்கக் கேட்டாள்:

“தாத்தா, இந்தச் சூசையப்பரை யாரு ஒடச்சது?”