காது பாய் தொடாத இடம்

செங்கல்பட்டு ஜில்லாவில் மோட்டார் வண்டியைக் கண்ணால் பார்த்து ரிப்பேர் செய்தவர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். காதால் மட்டுமே பார்த்தவர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ, ஊருக்கு அவர் காது பாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு டைனமோ, பேட்டரி, ஒயர் சமாசாரம் மட்டும் பார்ப்பார். வண்டி வந்து நின்றால் பானட்டைத் திறக்க மாட்டார். "எங்க, சத்தத்த நீ போட்டுக் காட்டு" என்று வண்டிக்காரனை எதிரில் நிறுத்திக்கொள்வார். அவன் நடுத்தெருவில் அந்தச் சத்தத்தைத் தன் வாயால் எழுப்ப வேண்டும். சரியாக வரவில்லையென்றால் வீட்டுக்குப் போய்ப் பழகிக்கொண்டு வரச் சொல்லிவிடுவார்.

ஐம்பதுகளில், பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைப்பேன் என்று கனவிலும் நினைக்காத காலத்தில், நான் அரிசி மில் குமாஸ்தா வேலையை உதறிவிட்டு யுத்தத்துக்கு முந்தைய சீமைக் கார் ஒன்றை வாங்கினேன். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை உச்சிவேளைக்குள் திருக்கழுக்குன்றம் கூட்டிப்போய்க் கழுகு காட்டி, அப்படியே மகாபலிபுரத்தில் காற்று வாங்கவைத்து, திரும்ப ரயிலேற்றிவிடுவது என் திட்டம். வாங்கிய மறுவாரமே ஆயுத பூஜை வந்தது. முதல் வண்டி, முதல் பூஜை. பக்தி தலைக்கேறி, கண்ணில் பட்ட மூடியையெல்லாம் திறந்து உள்ளே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நாலாம் நாள் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல "ங்ர்ர்ர்" என்று ஒரு சத்தம். வண்டி மெதுவாகப் போனால் வரும், வேகமெடுத்தால் நின்றுவிடும். பின் சீட்டுக்காரர்களுக்கு அது அவர்கள் காலடியில் கேட்கும், எனக்கு என் முழங்காலில் கேட்கும். ஒரு குடும்பம் கரண்ட் அடித்துவிடும் என்று பயந்து பாதி வழியில் இறங்கி, கழுகு பார்க்க நடந்தே போனது. நிரந்தர டாக்சி பர்மிட்டுக்காக வண்டியைப் பார்வையிட்ட பிரேக் இன்ஸ்பெக்டர் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். அப்போதும் இந்தச் சத்தம் இருந்தால் பர்மிட்டை மறந்துவிடு என்றார். மில்லில் என் நாற்காலியில் அதற்குள் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். பர்மிட் கிடைக்காவிட்டால் எனக்கு வேறு போக்கிடமே இல்லை.

காது பாயிடம் போனேன். மூன்றாவது முயற்சியில் என் "ங்ர்ர்ர்" பாஸாயிற்று. அவர் நீளமான திருப்புளி ஒன்றின் முனையை எஞ்சினில் வைத்து, மரப்பிடியைப் பற்களால் கவ்விக்கொண்டு கண்ணை மூடினார். காது ஏமாறுமாம், பல் ஏமாறாதாம். அவர் கேட்டு முடிக்கும்வரை பக்கத்துக் கடைக்காரர் சோடா உடைக்கக் கூடாது. பிறகு பானட்டுக்குள் இருந்த கட்-அவுட் என்கிற சின்னப் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு கணம் பார்த்தார். மெதுவாக மூடினார். "இது ஷோக்கா கீது" என்றார்.

மறுநாள் டைனமோ இறங்கியது. அதற்கடுத்த நாள் ஹாரன். பிறகு சீட்டுகள் வெளியே வந்தன, அவற்றுக்கடியில் ஓடிய ஒயர்கள் வந்தன, யாரோ ஒரு பழைய முதலாளியின் சீப்பும் வந்தது. எட்டாம் நாள் என் வண்டி கோணிச் சாக்குகளின் மேல் வரிசை வரிசையாகப் படுத்திருந்தது. நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பாய் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். அத்தனை சாமான்களிலும் சத்தம் ஒன்றுதான் சேதாரமில்லாமல் இருந்தது.

பன்னிரண்டாம் நாள், கோளாறு கடற்காற்றில் கிளம்புகிறதா பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர். வேறு வழியில்லாமல் ஓட்டினேன். பாய் வாயில் திருப்புளியோடு மட்கார்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு வந்தார். திருக்கழுக்குன்றத்தில் வானத்தைப் பார்த்துக் காத்திருந்த கூட்டம் கழுகை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது.

மகாபலிபுரத்துக் கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து வந்து சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "இன்னா அண்ணாத்த, இத்தப் போயி வெச்சிகினு பேஜாரு பட்ற. கடல்ல தள்ளிவுடு. நாங்க வோணா ஒரு கை புடிக்கிறோம்" என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. மணலில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"போதும் பாய். வண்டிய வித்துடறேன். மில்லுல மூட்டை தூக்கவாவது வெச்சிக்கறாங்களான்னு நாளைக்குப் போய்க் கேக்கறேன்" என்றேன்.

பாய் வாயிலிருந்து திருப்புளியை எடுத்தார். மட்கார்டிலிருந்து இறங்கினார். பிறகு பானட்டைத் தூக்கிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"நைனா, அந்தச் சின்ன மூடிய நீ தொற."

கட்-அவுட்டைத் திறந்தேன். டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் போகும்போது கதவு மாதிரி திறந்து மூடுகிற பெட்டி அது. அந்தக் கதவின் நாக்கில், வேறெங்கும் இடமில்லாதது போல, நான் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஓடாகியிருந்தன. நாக்கு சரியாக மூட முடியாமல் அடித்துக்கொண்டு கிடந்தது.

"நீயே தொட்ச்சிடு" என்றார்.

வேட்டி முனையால் துடைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் கிட்டே வந்து உப்புத்தாளால் நாக்கைத் தேய்த்துவிட்டார். வண்டியைக் கிளப்பினேன். எஞ்சின் சத்தமும் அலைச் சத்தமும் மட்டும் கேட்டன.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் நாளே தெரியும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரைத்தான் கடலில் தள்ளியிருப்பேன்.

"சாமிக்கு வெச்ச பொட்டு. அதுல நா எப்டி கை வெக்கிறது?" என்றார் பாய். "ஒங்க சாமி பொட்டாலதான் கோளாறுன்னு ஒங்கிட்ட எந்த வாயால சொல்றது? கோளாறு வேற எங்கனா இருக்கணும்னு மசூதில தெனம் துஆ கேட்டுகினுதான் கீறேன்."

அவர் துஆ பலித்திருந்தால் என் வண்டி என்னவாகியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் இன்ஸ்பெக்டர் வண்டியை மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பாயே ஆளனுப்பி வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். கட்-அவுட் மூடியைக் கழற்றி, அதன் வெளிப்பக்கத்தில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு வட்டமும் நடுவில் சிவப்பில் ஒரு புள்ளியும் வைத்தார். வட்டம் கோணலாகத்தான் வந்தது. பல்லும் காதும் வேலை செய்த அளவுக்கு அவருக்குக் கை வராது. "இனிமே உள்ள வெக்கிற வேல வாணாம்" என்றார்.

பாய் போய்ப் பல வருஷமாகிவிட்டது. வண்டியும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த மூடி மட்டும் எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மற்ற படங்களுக்கெல்லாம் பொட்டு வைக்கிறேன், அதற்கு வைப்பதில்லை. அதற்குத்தான் பாய் வைத்துவிட்டாரே.